தொலைந்த குமிழும் காது முளைக்காத குதிரையும்

மேசையில் ஆறு டிராயர்கள். ஒவ்வொன்றுக்கும் மரத்தில் கடைந்த ஒரு குமிழ். இடுப்பு ஒடுங்கி, தலை அகன்று, உச்சியில் வளையம் வளையமாகக் கோடு போட்ட பழைய மாதிரி. அதில் ஒன்று எப்போது கழன்றது, எங்கே உருண்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த ஐந்தையும் கழற்றிவிட்டு ஆறு புதுக் குமிழ்கள் மாட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. இருப்பதில் ஒன்றை அச்செடுத்து ஆறாவதை வார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது.

குளியலறை ஓரங்களை அடைக்கும் சிலிக்கோன் சீலன்ட் ஒரு குழாய் கையில் இருந்தது. காய்ந்தால் ரப்பர் ஆகும் பொருள்தானே, அச்சுக்கு வேறென்ன வேண்டும்? குமிழை ஒரு டப்பாவில் வைத்து, மூழ்கும் அளவுக்குச் சீலன்ட்டைப் பிதுக்கி நிரப்பினேன். மறுநாள் மேல்பரப்பு கெட்டியாக இருந்தது. பொறுமையாக ஐந்து நாள் விட்டுப் பிரித்தேன். மேலே ரப்பர் தோல், உள்ளே பற்பசை. குமிழைத் துடைத்து எடுக்கவே ஒரு மாலை போனது.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தச் சீலன்ட் 'காய்வது' என்று நாம் சொல்வது உண்மையில் உலர்வதல்ல. காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்துதான் அது இறுகுகிறது. வெளித்தோல் இறுகியதும் உள்ளே ஈரம் போகும் வழி அடைபட்டுவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறுகினாலே பெரிது. சுவரோர இடைவெளிக்கு அது போதும், கைமுட்டி அளவு கட்டிக்குப் போதாது.

அப்படியானால் ஈரத்தை உள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டால்? அதற்குத்தான் சோள ஸ்டார்ச். அந்த வெள்ளைப் பொடி தொட்டுப் பார்த்தால் உலர்ந்துதான் இருக்கும். ஆனாலும் அதற்குள் ஓரளவு ஈரம் எப்போதும் உண்டு. சீலன்ட்டும் ஸ்டார்ச்சும் கண்ணளவில் சம பங்கு எடுத்துப் பிசைந்தால், பொடியின் ஒவ்வொரு துகளும் பக்கத்திலிருக்கும் சிலிக்கோனுக்கு ஈரம் கொடுக்கும். ஐந்து நாளில் இறுகாதது ஒரு மணி நேரத்துக்குள் உள்வரை ஒரே சீராக இறுகியது. வினிகர் வாடை வரும் சீலன்ட்தான் இதற்குத் தோது. அந்த வாடை வினையின்போது வெளியாகும் அசிட்டிக் அமிலம். கண் எரியும், ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். பொடிக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீருக்குள் சீலன்ட்டைப் பிதுக்கி, தண்ணீருக்குள்ளேயே பிசைந்து எடுப்பவர்களும் உண்டு. சோப்பு இருப்பதால் விரலில் ஒட்டாது. நான் இரண்டும் செய்து பார்த்தேன். நுணுக்கமான கோடுகளுக்குச் சோப்புத் தண்ணீர் முறை கொஞ்சம் மேல். கையாளச் சுலபம் ஸ்டார்ச்தான்.

இந்த மாவு தானாக ஓடி இடுக்குகளை நிரப்பாது என்பதை மறந்துவிட்டுத்தான் இரண்டாவது அச்சையும் கெடுத்தேன். முழு உருண்டையைக் குமிழின் மேல் அப்பி அழுத்தினால் கோடுகளுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும், அச்சில் அந்த இடமெல்லாம் மொட்டையாகிவிடும். முதலில் கொஞ்சம் மாவை எடுத்து, தகடு போல மெல்லிதாக, கோடுகளுக்குள் தேய்த்துப் பூச வேண்டும். அது இறுகுமுன் அதன்மேல் மிச்சத்தை அப்பலாம். மரக் குமிழுக்கு முதலில் வாஸ்லின் ஒரு பூச்சு. பிரஷ்ஷால் தொட்டு, பிறகு துணியால் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட வேண்டும். வாஸ்லின் கெட்டியாக நின்றால் சிலிக்கோன் அந்த வாஸ்லினைத்தான் அச்செடுக்கும்.

சிலிக்கோனிடம் இதுதான் வேடிக்கை, எதைக் காட்டினாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். குமிழில் ஒட்டியிருந்த ஒரு முடி அச்சில் வந்தது, அச்சிலிருந்து வார்ப்பிலும் வந்தது. என் கட்டைவிரல் ரேகை ஒன்று இன்றும் மூன்றாவது டிராயரில் இருக்கிறது. மினுமினுப்பும் அப்படித்தான். மூலப்பொருள் வழுவழுவென்று பளபளத்தால் வார்ப்பும் பளபளக்கும், சொரசொரப்பாக இருந்தால் மங்கலாக வரும். வார்த்த பிறகு 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகேற்றலாம்தான். அந்த அரை மணி நேரத்தை மூலப்பொருளின் மேல் முன்கூட்டியே செலவழித்தால் அதன்பின் எத்தனை வார்ப்பு எடுத்தாலும் தேய்க்கும் வேலை இல்லை. இது எனக்கு உறைக்க ஆறேழு வார்ப்புகள் ஆயின.

இனி ரெசின், அதாவது அச்சில் திரவமாக ஊற்றி இறுகவிடும் பிசின். வீட்டு வேலைக்கு எபாக்ஸி போதும் என்பது என் கட்சி. பாலியஸ்டர் ரெசினின் ஸ்டைரீன் வாடை வீட்டுக்குள் தாங்காது. பாலியூரித்தேன் சில நிமிடங்களிலேயே இறுகிவிடும், ஈரம் பட்டால் நுரைக்கும். புற ஊதா விளக்கில் இறுகும் ரெசின் மெல்லிய அடுக்குகளுக்கு மட்டும்தான். எபாக்ஸி நிதானமானது, வாடை குறைவு. 1930களில் சுவிட்சர்லாந்தில் பியேர் காஸ்தான் என்ற வேதியியலாளர் இதில் இறங்கியதே பல்செட்டுக்கு ஏற்ற பொருள் தேடித்தானாம். பல்செட்டுக்காகத் தேடிய பொருள் என் டிராயர் குமிழுக்கு வந்து சேர்ந்தது பொருத்தம்தான்.

நிதானமானது என்றேனே, அளவு விஷயத்தில் மட்டும் அது துளியும் விட்டுக்கொடுக்காது. என் முதல் வார்ப்பு இரண்டு நாள் கழித்தும் பென்சில் ரப்பர் போல வளைந்தது, நகம் அழுத்தினால் தடம் விழுந்தது. டப்பாவில் 2:1 என்று தெளிவாகப் போட்டிருந்தது. நானும் தராசில் வைத்து, ரெசின் இருபது கிராமுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் பத்து கிராம் என்று கவனமாகத்தான் எடுத்தேன். எங்கே பிசகியது?

டப்பாவில் போட்டிருந்தது கொள்ளளவு விகிதம். நான் எடுத்தது எடை. ரெசின் ஹார்ட்னரைவிடக் கனமானது. ஒரு மில்லிலிட்டர் ரெசின் சுமார் 1.1 கிராமுக்கு மேல் வரும், ஹார்ட்னர் பெரும்பாலும் ஒரு கிராமை ஒட்டியோ கொஞ்சம் குறைந்தோ இருக்கும். ஆகவே கொள்ளளவில் 2:1 என்பது எடையில் ஏறத்தாழ 100-க்கு 43, 45 என்று ஆகிவிடுகிறது. நான் 100-க்கு 50 போட்டிருக்கிறேன். ஹார்ட்னர் கூடினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது குழம்புக்கு உப்பு கூட்டிக் குறைத்துப் போடுவது போன்றதல்ல. ரெசின் மூலக்கூறுகளும் ஹார்ட்னர் மூலக்கூறுகளும் கணக்காகக் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஜோடி கிடைக்காமல் மிஞ்சுவது எதுவோ அது உள்ளேயே பிசுபிசுத்துக் கிடக்கும். எடை விகிதமா கொள்ளளவு விகிதமா என்று முதலில் படியுங்கள், இரண்டும் போட்டிருந்தால் எடையைப் பின்பற்றுங்கள். சின்ன வார்ப்புக்கு முழு கிராம்களை மட்டும் காட்டும் தராசு உதவாது. ஹார்ட்னர் ஐந்து கிராம் எடுக்கும் இடத்தில் அரை கிராம் பிசகினாலே பத்து சதவீதம் போயிற்று. 0.1 கிராம் காட்டும் தராசு வாங்கிய பிறகுதான் எனக்கு நிம்மதி.

எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கு ஒரு சுலப வழி. அச்சில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை எடை போடுங்கள். ஒரு கிராம் ஒரு மில்லிலிட்டர். அதை 1.1-ஆல் பெருக்கி, கோப்பையில் ஒட்டிப்போவதற்குக் கொஞ்சம் சேர்த்தால், ரெசினும் ஹார்ட்னரும் சேர்ந்து தேவையான மொத்த எடை. பிறகு அச்சை முழுக்க உலர விட வேண்டும். ஒரு துளி ஈரம் இருந்தாலும் அந்த இடம் பால் போல வெளுத்துவிடும்.

கலக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம். நான் மனதுக்குள் மூன்று நிமிடம் என்று நினைத்துக் கலக்கியதை ஒருமுறை அளந்து பார்த்தேன், ஐம்பது விநாடிதான். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் சுரண்டிச் சுரண்டிக் கலக்க வேண்டும். பாதியில் வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி இன்னொரு நிமிடம் கலக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் கலவாத ரெசின் ஒளிந்துகொள்வது முதல் கோப்பையின் ஓரத்தில்தான். ஊற்றி முடித்ததும் கடைசிச் சொட்டு வரை வழித்து ஊற்றும் சிக்கனப் புத்தி வேண்டாம். வார்ப்பில் ஆங்காங்கே பிசுக்குத் திட்டு வருவது அந்த வழித்த துளிகளால்.

ஒரே ஒருமுறை பயந்தேன். நாலைந்து அச்சுகளுக்குச் சேர்த்துக் கலக்கிவிடலாம் என்று இருநூறு கிராம் அளவில் ஒரு குறுகிய பிளாஸ்டிக் கோப்பையில் கலக்கி வைத்தேன். போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் கோப்பை இளகிச் சாய்ந்திருந்தது, மேலே புகை. எபாக்ஸி இறுகும்போது வெப்பம் வெளிவிடும். மொத்தையாக ஒரே இடத்தில் இருந்தால் அந்த வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. வெப்பம் வினையை வேகப்படுத்தும், வேகம் மேலும் வெப்பத்தைக் கிளப்பும். அடியில் ஒரு மரப்பலகையைச் செருகித் தூக்கி வெளியே வைத்தேன். மஞ்சளாகி, நடுவில் விரிசல் விட்ட கட்டி ஒன்று மிஞ்சியது. அதன் பிறகு சிறிது சிறிதாகத்தான் கலக்குகிறேன். கொஞ்சம் கூடுதலாகக் கலக்கிவிட்டால் உடனே அகலமான தட்டில் பரப்பிவிடுவேன். தடிமனான வார்ப்பு என்றால் அடுக்கடுக்காக ஊற்ற வேண்டும், அல்லது ஆழமாக ஊற்றுவதற்கென்றே வரும் மெதுவான ரெசினை வாங்க வேண்டும்.

குமிழில் குமிழி, அதாவது காற்றுக்குமிழி, தனிக் கதை. ரெசின் பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தினால் இளகி ஓடும், காற்று எளிதில் மேலே வரும். வேலை செய்யும் நேரம் அதனால் குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அச்சின் ஒரே மூலையில், கொஞ்சம் உயரத்திலிருந்து, நூல் போல ஊற்றுங்கள். பெரிய குமிழிகள் அந்த நூலிலேயே உடைந்துவிடும். பலர் சொல்கிற லைட்டர் வித்தையை நான் கைவிட்டேன். மேலேயுள்ள குமிழிகள் உடையும்தான், சிலிக்கோன் அச்சின் விளிம்பும் கருகும். பல்குத்தும் குச்சி போதும்.

இன்னொரு சிக்கல், டிராயர் குமிழுக்குப் பின்னால் திருகு ஏற இடம் வேண்டுமே. இறுகிய எபாக்ஸியில் துளையிட்டு நேராகத் திருகியபோது இரண்டு வார்ப்புகள் பிளந்தன. ஒரு நட்டை போல்ட்டில் மாட்டி, போல்ட்டின் மரையிலும் தண்டிலும் வாஸ்லின் தடவி, அச்சின் வாய்க்குக் குறுக்கே ஒரு ஐஸ் குச்சியில் தொங்கவிட்டு, அதைச் சுற்றி ரெசினை ஊற்றினேன். இறுகியதும் போல்ட் சுழன்று வெளியே வந்தது, நட்டு உள்ளே தங்கியது. இந்த மொத்த முயற்சியிலும் முதல் தடவையிலேயே சரியாக வந்தது இது ஒன்றுதான்.

கையுறையைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நண்பர் ஒருவர் இரண்டு வருடம் வெறுங்கையோடு ரெசின் வேலை செய்தார். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். இன்று பாட்டிலைத் திறந்தாலே அவருக்கு மணிக்கட்டும் கண்ணிமையும் தடித்துவிடுகின்றன. எபாக்ஸி ஒவ்வாமையின் சுபாவம் இதுதான். பல தடவை சும்மா இருக்கும், ஒருநாள் உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்துகொள்ளும், அதன்பின் பொதுவாக மாறுவதில்லை. நைட்ரைல் கையுறை போடுங்கள். லேடெக்ஸ் வேண்டாம், சிலவகைச் சிலிக்கோன் அதைத் தொட்டாலே இறுகாமல் போகும். தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். தின்னரோ அசிட்டோனோ போட்டால் தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். சாதாரணத் தூசி முகமூடி ரெசின் ஆவியைத் தடுக்காது, அதற்குக் காற்றோட்டமோ கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடியோ வேண்டும். உப்புத்தாள் போடும்போது மட்டும் தூசி முகமூடி. மிஞ்சிய ரெசினைத் தொட்டியில் கொட்டாமல், இறுகவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

அச்சு செய்யாமலே அச்சு கிடைக்கும் என்பதையும் இந்த மாதங்களில்தான் கண்டுகொண்டேன். பிளாஸ்டிக் டப்பாக்களின் அடியில் முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 2, 4, 5 என்றால் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். எபாக்ஸி அவற்றில் ஒட்டாது, டப்பாவை லேசாக முறுக்கினால் வார்ப்பு கழன்று விழும். பாட்டில் மூடி, கிரீம் டப்பா, மருந்து அளக்கும் சின்னக் கோப்பை எல்லாமே அச்சுதான். கண்ணாடியில் மட்டும் நேரடியாக ஊற்றாதீர்கள். அலமாரியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது, உள்ளே அழகான நீல எபாக்ஸியோடு. இரண்டையும் இனி யாராலும் பிரிக்க முடியாது. சிலிக்கோனும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், கண்ணாடிப் பொருளை அச்செடுத்தால் வாஸ்லின் கட்டாயம். ஒருமுறை ரெசின் ஊற்றிய ஐஸ் தட்டைத் திரும்பச் சமையலறைக்குக் கொண்டுபோகவும் கூடாது. உள்ளே பூ வைப்பதென்றால் சிலிக்கா ஜெல்லில் புதைத்து முழுக்க உலர்த்தியது மட்டும், காகிதம் வைப்பதென்றால் இரு பக்கமும் வெள்ளைப் பசை பூசிக் காய்ந்த பிறகு. பசை பூசாத காகிதம் எண்ணெய் குடித்தது போலக் கறுத்துவிடும்.

ஆறாவது குமிழ் மாட்டியாயிற்று. அதைப் பார்த்த மகள் செஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். வெள்ளைக் குதிரை ஒன்றைக் காணோம், அதற்குப் பதிலாக ஒரு மிளகு டப்பா மூடி ஆடிக்கொண்டிருந்தது. "அப்பா, குமிழ் மாதிரிதானே இதுவும்?"

மாதிரி இல்லை. குமிழை ஒரு பக்கத்திலிருந்து உருவி எடுக்கலாம். குதிரைக்கு மோவாய்க்குக் கீழே ஒரு குடைவு, பிடரிக்குப் பின்னால் ஒரு குடைவு, இரண்டு காது. எந்தப் பக்கம் இழுத்தாலும் எங்கேயாவது மாட்டும். இரண்டு பாதி அச்சு செய்வது என்று முடிவெடுத்து, இம்முறை ஊற்றும் வகைச் சிலிக்கோனே வாங்கினேன். பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் வகை, சுருங்குவது மிகக் குறைவு. குதிரையைக் களிமண்ணில் பாதிவரை புதைத்து, இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தப் பேனா மூடியால் நாலு குழி அழுத்தி, சுற்றிலும் மகளின் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிப் பெட்டி கட்டி ஊற்றினேன். மறுநாள் களிமண்ணைத் தொட்ட பக்கமெல்லாம் பிசுபிசு. பல மாடலிங் களிமண்களில் கந்தகம் இருக்கிறது, பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை அது இறுகவிடாது. லேடெக்ஸ் கையுறை, 3டி பிரிண்டரின் புதுப் பிசின், தகர வினையூக்கி வகைச் சிலிக்கோன் ஆகியவையும் அப்படியே. ஊற்றும் முன் ஒரு சொட்டு வைத்துப் பார்த்திருந்தால் போதும்.

கந்தகம் இல்லாத களிமண் தேடி வாங்கி மறுபடி முதல் பாதி. நன்றாக வந்தது. திருப்பிப் போட்டு, களிமண்ணை எடுத்துவிட்டு, இரண்டாம் பாதியை ஊற்றினேன். நடுவில் வாஸ்லின் தடவ மறந்தேன். பெரும்பாலானவற்றில் ஒட்டாத சிலிக்கோன் சிலிக்கோனில் ஒட்டும். இரண்டு பாதியும் ஒரே செங்கல்லாகி, நடுவில் குதிரை சிறைப்பட்டது.

மகளின் குதிரையையாவது மீட்க வேண்டுமே என்று பிளேடால் கீறத் தொடங்கினேன். கை நடுங்கியதால் வெட்டு நேராகப் போகாமல் அலை அலையாகப் போனது. குதிரை வெளியே வந்த பிறகு வெட்டிய இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தேன். அலைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு, வெட்டிய இடமே தெரியாமல் மூடின. பேனா மூடிக் குழிகளெல்லாம் தேவையே இல்லை. நகை வேலையில் ரப்பர் அச்சுகளை இப்படித்தான் வெட்டுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இப்போது சின்னப் பொருள் எதுவானாலும் பாதி பாதியாக ஊற்றுவதே இல்லை. ஒரே கட்டியாக ஊற்றி, வேண்டுமென்றே கோணல்மாணலாக வெட்டி, ரப்பர் பேண்டு போட்டு மூடுகிறேன். ரப்பர் பேண்டை இறுக்கினால் அச்சு நசுங்கி வார்ப்பு சப்பையாகும், அச்சின் இரு பக்கமும் அட்டை வைத்துக் கட்டினால் தப்பிக்கலாம்.

முதல் வார்ப்பில் குதிரைக்குக் காது முளைக்கவில்லை. அடிப்பாகம் மேலே இருக்க, தலைகீழாக ஊற்றுகிறோம். காது அச்சின் ஆழத்தில், அங்கே காற்று மாட்டுகிறது. அழுத்தக் கலன் வைத்திருப்பவர்கள் குமிழியைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நசுக்கிவிடுவார்கள், என்னிடம் அது இல்லை. அச்சைத் திறந்துவைத்து, டால்கம் பவுடரைப் பிரஷ்ஷால் தூவி, உதறி, காதுகளுக்குள் முதலில் ஒரு துளி ரெசினைக் குச்சியால் தடவிவிட்டு, பிறகு மூடி ஊற்றினேன். பவுடர் ரெசினை மூலைக்குள் இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பு சற்று மங்கும், குதிரைக்கு அது பரவாயில்லை. எடை குறைவாக இருந்ததால் அடியில் இரண்டு இரும்பு வாஷர்களை வைத்து ஊற்றினேன். வெள்ளை நிறத்துக்குத் தண்ணீரில் கரையும் பெயின்ட் கலந்த வார்ப்பு மெத்தென்று போய்விட்டது. ரெசினுக்கென்று வரும் நிறமியைச் சில துளிகள் மட்டும் விட்டபோது சரியாக வந்தது. புதுக் குதிரை கொஞ்சம் கூடுதல் வெள்ளை. வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளாகும், நாளாவட்டத்தில் மற்ற காய்களோடு சேர்ந்துவிடும் என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது மேசைமேல் இருப்பது டிவி ரிமோட்டின் பேட்டரி மூடி. அச்சு அருமையாக வந்தது, வார்ப்பும் அச்சு அசல். ஆனால் மூடியைப் பிடிக்கும் அந்த மெல்லிய நாக்கு, வளைய வேண்டிய இடத்தில் எபாக்ஸி முறிகிறது. நான்கு மூடி வார்த்தேன், நான்கும் முதல் முறை திறந்தபோதே போயின. வளைந்து கொடுக்கும் ரெசின் வாங்கும்வரை ரிமோட்டைச் சுற்றி செல்லோடேப்தான்.